எஞ்சினைக் கழுவலாமா, துடைத்தால் போதுமா?

வள்ளியூரில் இருக்கும் என் மச்சினன் போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினான். பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், 80,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்குள் வண்டியைத் தயார் செய்துவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம். பானட்டைத் திறந்தால் செம்மண் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அப்பிக் கிடக்கிறது, கியர்பாக்ஸ் பக்கம் அலுமினியமே கண்ணுக்குத் தெரியவில்லை. "அத்தான், வாட்டர் வாஷ்ல விட்டு எஞ்சினையும் சேத்து அடிச்சிரட்டுமா, இல்ல வீட்டுலயே மண்ணெண்ணெய் ஊத்தித் தொடச்சிரட்டுமா? உள்ளுக்கும் என்னமோ ஃப்ளஷ் ஊத்தணும்னு சொல்லுதாவ, கியர்பாக்ஸுக்கும் ஊத்தணுமா?" என்று போனில் கேட்டான்.

ஒரே மூச்சில் கேட்டாலும் இது மூன்று தனித்தனிக் கேள்வி. எஞ்சினுக்கு வெளியே எப்படிச் சுத்தம் செய்வது, எஞ்சினுக்கு உள்ளே என்ன செய்வது, கியர்பாக்ஸை என்ன செய்வது. மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

ஆனால் எந்த வழியை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. துணியைத் தொடாமல், தண்ணீரைத் தொடாமல், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் உள்ளே பாருங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கே காய்ந்த புழுதி, எங்கே ஈரமான எண்ணெய், ஈரம் எங்கிருந்து தொடங்கிக் கீழே வழிகிறது என்று பாருங்கள். எண்ணெய் மேலிருந்து கீழேதான் இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்பக்கம் தள்ளும், அதனால் ஈரத்தின் மேல்நுனியைக் கண்டுபிடித்தால் கசிவு எங்கே என்று பாதி தெரிந்த மாதிரி. இதைப் பார்க்காமல் கழுவிவிட்டால் எஞ்சின் பளபளக்கும், ஆனால் அடுத்த இரண்டு மாதத்துக்கு எங்கே ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. விற்பதற்கு முன்னால் எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்கி நிறுத்தியிருக்கும் பழைய வண்டியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். மச்சினன் வாங்கியது அழுக்கோடு வந்தது, அதை நான் நல்லது என்றே சொன்னேன்.

பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது, காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரையோரம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டி கைமாறி வந்திருந்தால் ஃபியூஸ் பாக்ஸுக்குப் பின்னால், பேட்டரித் தட்டுக்குக் கீழே, ஒயர் சுற்றியிருக்கும் டேப் மடிப்பில் மாவு மாதிரி மெல்லிய வண்டல் படிந்திருக்கும். சாலைப் புழுதி மேற்பரப்பில்தான் உட்காரும், வண்டல் அடிப்பக்கத்திலும் மூடிய இடுக்கிலும் ஒரே மட்டத்துக்கு இருக்கும். கழுவுவதற்கு முன்னால் பார்த்தால்தான் இது தெரியும்.

சரி, இனி வெளிப்பக்கம். எந்த வழி நல்லது என்பதை உங்கள் வண்டியில் இருப்பது என்ன அழுக்கு என்பதுதான் முடிவு செய்யும், எல்லோருக்கும் ஒரே பதில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ராதாபுரம், திசையன்விளை பக்கம் ஓடும் வண்டிக்கு முக்கால்வாசி செம்மண் புழுதிதான், ஆடிக் காற்றில் ஒரு வாரம் வெளியே நின்றாலே போதும். இதற்குத் தண்ணீரே வேண்டாம், தண்ணீர் பட்டால் சேறாகி இடுக்குக்குள் இறங்கிக் காய்ந்துவிடும். பெயிண்ட் அடிக்கும் இரண்டு அங்குல பிரஷால் மேலிருந்து கீழே தட்டிவிட்டு, பஞ்சர் கடையில் காற்று அடிக்கும் குழாயை ஒரு அடி தள்ளிப் பிடித்து ஊதினால் தொண்ணூறு சதவீதம் போய்விடும். ரேடியேட்டர் தகடுகளை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள், புழுதி வந்த வழியே திரும்பிப் போகும்.

உவரி, கூட்டப்புளி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. உப்புக் காற்று இரும்பு போல்ட்டையும் கிளாம்பையும் தின்னும், உப்பை ஊதி எடுக்க முடியாது, நல்ல தண்ணீரால்தான் கரைக்க முடியும். அங்கே நான் மாதம் ஒரு முறை மெதுவான தண்ணீர் அலசலைச் சொல்லுவேன். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். உப்புக் கிணற்றுத் தண்ணீரால் அலசினால் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் படியும், எடுக்க வந்த உப்பையே திரும்ப வைத்த மாதிரி ஆகும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீடு என்றால் பிரச்சினை இல்லை, இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பிடித்து வைத்த இரண்டு வாளி போதும்.

வயல் ஓரம் வீடு உள்ளவர்களுக்கு எலி. பிசான அறுப்பு முடிந்ததும் எலி வீட்டுப் பக்கம் வரும், சூடான எஞ்சின் அதற்கு நல்ல இடம். வைக்கோல், துணி, ஒயர்த் துணுக்கு எல்லாம் சேர்த்து எஞ்சின் மேல் கூடு கட்டியிருந்தால் அதை ஊதவே கூடாது. எலி மூத்திரம் வழியே எலிக்காய்ச்சல் வரும், ஊதினால் அந்தத் தூசி உங்கள் மூக்குக்குள்தான் போகும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பினாயில் கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்துக் கையால் எடுங்கள். அப்புறம் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கு. வாட்டர் வாஷா, மண்ணெண்ணெயா, டிகிரீசர் என்ற பிசுக்கு நீக்கும் திரவமா என்ற வாக்குவாதமெல்லாம் இதற்காகத்தான்.

வாட்டர் வாஷ் இயந்திரத்தின் அழுத்தம் 100 பாருக்குப் பக்கம் அல்லது அதற்கு மேலே. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார், ஆக இரண்டு மாடி வீட்டில் ஒரு பார் கூட வராது. ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் இருக்கும் ரப்பர் சீல் மழைத் தெறிப்பைத் தாங்கும், ரோட்டில் தேங்கிய தண்ணீர் அடித்தால் தாங்கும், அரை அடி தூரத்திலிருந்து 100 பாரில் அடித்தால் தாங்குவதற்கென்று அது செய்யப்படவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு மூடியே கிடையாது, காற்று போக ஜன்னல் வைத்துத்தான் செய்திருப்பார்கள். பழைய அம்பாசிடரில் அடித்தால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தால் வண்டி கிளம்பிவிடும். இன்றைய வண்டியில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் தலையிலும் அதற்கு மின்சாரம் தரும் ஒரு காயில், பக்கத்தில் சென்சார், சில வண்டியில் கம்ப்யூட்டரே பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் வண்டியை விட்டேன், எஞ்சினையும் அடித்துக் கொடுத்தார்கள், பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருந்தது. மறுநாள் நாகர்கோவிலுக்கு நான்குவழிச் சாலையில் போகும்போது மூன்றடைப்பு தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது, இழுவை இல்லை, எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஓரம் கட்டி, மேலப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, அப்படியே நிறுத்துங்க, ஓட்டிக்கிட்டு வராதிய" என்றார். அவர் வந்து காயிலை உருவியபோது பிளக் குழிக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் நின்றது. காயிலின் ரப்பர் மேலே மூடியிருப்பதால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, சூட்டில் ஆவியாகி உள்ளேயே சுற்றி, மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் தாவியிருக்கிறது. ஓட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு, அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், அது போனால் காயிலை விடப் பல மடங்கு செலவு. அன்றைக்கு அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "எஞ்சின குளிப்பாட்டாதிய அண்ணாச்சி, தொடச்சி விடுங்க."

அதனால் வாட்டர் வாஷ் வேண்டாம் என்பது என் முடிவு. ஸ்டீம் அதைவிட நல்லது, தண்ணீர் ரொம்பக் குறைவு, பிசுக்கும் இளகும், ஆனால் நல்ல கையில் இருந்தால்தான், வீட்டில் செய்கிற வேலையும் இல்லை.

மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் நம் அப்பா காலத்து வழி. பிசுக்கைக் கரைப்பதில் இரண்டுமே கெட்டி, அதை நான் மறுக்கவில்லை. கழற்றிப்போட்ட இரும்புப் பாகத்தைத் தட்டில் வைத்துக் கழுவ இன்றைக்கும் மண்ணெண்ணெய்தான் சரி. வண்டியில் மாட்டியிருக்கும் எஞ்சின் மேல் ஊற்றுவதுதான் தப்பு. முதல் காரணம், ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர். தண்ணீரையும் சூட்டையும் தாங்குவதற்கென்று செய்த ரப்பர் அது, மண்ணெண்ணெய் பட்டால் ஊறி உப்பி இளகிவிடும். பெல்ட்டும் அப்படித்தான், பட்டதும் வழுக்கும், நாளாக நாளாகக் கெடும். இரண்டாவது, நெருப்பு. மண்ணெண்ணெய் 38 டிகிரியை ஒட்டியே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விட ஆரம்பிக்கும், சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நிழலிலேயே அந்தச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடுகிறது, பானட்டுக்குள் பேட்டரி வேறு இருக்கிறது. மூன்றாவது, முழுசாகக் காயாமல் ஒரு படலம் நிற்கும், அடுத்த வாரமே புழுதி அதில் இரண்டு மடங்கு ஒட்டும். பெட்ரோலும் தின்னரும் பற்றிப் பேசவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

டிகிரீசர் என்றால் தண்ணீரில் கரையும் வகை, கடையில் ஸ்ப்ரே பாட்டிலில் கிடைக்கிறது. வாங்கும்போது காஸ்டிக் சோடா கலந்ததா என்று பாருங்கள், கலந்திருந்தால் வேண்டாம். அது அலுமினியத்தைத் தின்னும், கியர்பாக்ஸின் வெளிக்கூடும் அடியில் ஆயில் தேங்கும் சம்பும் நிறைய வண்டியில் அலுமினியம்தான், கறுத்துப் போனால் திரும்ப வெளுக்காது. பிசுக்கு லேசாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்தாலே போதும்.

நான் செய்யும் முறை இதுதான். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், எஞ்சின் கை வைத்தால் சுடாத சூட்டில் இருக்கும்போது ஆரம்பிப்பேன். கொதிக்கிற எஞ்சினில் தெளித்தால் மருந்து உடனே காய்ந்து கறையாகும், சூடான இரும்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் விரிசலும் விழலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுவேன். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காயில்கள், காற்று இழுக்கும் குழாயின் வாய், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போடுவேன். முதலில் காய்ந்த புழுதியைத் தட்டிவிட்டு, பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் டிகிரீசர் தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, காய விடாமல் பிரஷால் தேய்ப்பேன். இடுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். அப்புறம் ஈரத்துணி, துணியை அலசி அலசி மூன்று நான்கு தடவை. தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டிய இடம் எஞ்சினின் அடிப்பாகம் மட்டும்தான், அங்கே செடிக்குத் தெளிக்கும் கைப்பம்பு போதும். முடித்ததும் பைகளைக் கழற்றி, பானட்டைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் வெயிலில் காயவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வேன். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து தேய்த்தால் போய்விடும்.

அரை நாள் வேலை. வாட்டர் வாஷ் கடையில் பத்து நிமிஷம். அந்த அரை நாளில் எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டும் ஹோஸும் உங்கள் கைக்கு அறிமுகமாகிவிடுகிறது, வெடித்த ரப்பரையும் தளர்ந்த கிளாம்பையும் விரல் கண்டுபிடிக்கும், அதற்காகவே நான் இதைச் செய்வேன்.

இனி எஞ்சினுக்கு உள்ளே. ஃப்ளஷ் என்பது பழைய ஆயிலோடு ஊற்றி ஐந்து, பத்து நிமிஷம் ஐட்லிங்கில் ஓடவிட்டு வடிக்கும் மெல்லிய கரைப்பான். ஊற்றுவதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஃப்ளஷ் தேவையே இல்லை. கருப்பட்டிப் பாகு இறுகிய மாதிரி கறுப்பாக அப்பியிருந்தால் ஃப்ளஷ் ஆபத்து, ஏனென்றால் அது கட்டியாகப் பெயர்ந்து சம்ப்பின் அடியில் இருக்கும் சல்லடையை அடைக்கும், ஆயில் மேலே ஏறாது, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். தேவையில்லாத இடத்தில் வீண், தேவையான இடத்தில் ஆபத்து என்றால் எதற்கு அதை வாங்குவது? டீசல் ஊற்றி ஓடவிடும் பழைய பழக்கமும் வேண்டாம், பேரிங்குக்கு வேண்டிய வழுவழுப்பு டீசலில் கிடையாது, வடித்தபின்னும் கொஞ்சம் உள்ளேயே தங்கிப் புது ஆயிலை நீர்க்க வைக்கும்.

எஞ்சின் ஆயிலிலேயே அழுக்கைக் கழுவும் மருந்தும், கழுவிய அழுக்கைக் கட்டியாக விடாமல் மிதக்க வைக்கும் மருந்தும் கலந்துதான் வருகிறது. புது ஆயில் சீக்கிரம் கறுக்கிறதே என்று கவலைப்படுபவர்கள் உண்டு, அது வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். ஆகவே அழுக்கான எஞ்சினுக்கு என் வழி, கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 1,500 கிலோமீட்டரில் திரும்ப ஒரு தடவை இரண்டையும் மாற்றுவது. ஃப்ளஷ் பாட்டிலை விடச் செலவு கூடத்தான். ஆனால் மெதுவாகக் கரையும், சல்லடை அடைக்காது. மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் மட்டும் நீங்களாக எதுவும் செய்யாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பக்கத்துக் கடைக்கே ஓடும் வண்டியில் வெறும் ஈரமாகவும் இருக்கலாம், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கலந்ததாகவும் இருக்கலாம்.

கியர்பாக்ஸுக்கு வருவோம். மண்ணெண்ணெய் ஊற்றி, வண்டியைத் தூக்கி வைத்து, கியர் போட்டுச் சுற்றவிட்டு வடிப்பதைப் பழைய லாரி, டிராக்டர் ஆட்களிடம் பார்த்திருப்பீர்கள். கார் கியர்பாக்ஸில் அதைச் செய்யாதீர்கள், பல்லும் பல்லும் உரசும் இடத்தில் அந்தச் சில நிமிஷம் காப்பு எதுவும் இருக்காது. கியர்பாக்ஸுக்குள் எதுவும் எரிவதில்லை, அதனால் எஞ்சின் மாதிரி கரி சேர்வதும் இல்லை, சேர்வது உலோகப் பொடி மட்டும்தான். அது ஆயிலோடு மிதக்கும், மிச்சம் ஆயில் வடிக்கும் டிரெயின் நட்டில் இருக்கும் காந்தத்தில் ஒட்டும். பத்து நிமிஷம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி வடித்தாலே சுத்தம் ஆகிவிடும், தனியாகக் கழுவ ஒன்றும் இல்லை.

வீட்டில் வடிப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வைத்த பிறகுதான். அப்புறம், ஆயில் ஊற்றும் நட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு வடிக்கும் நட்டில் கை வையுங்கள், வடித்த பிறகு மேல் நட்டு துருப்பிடித்துத் திறக்காவிட்டால் வண்டி வீட்டிலேயே நிற்கும். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணம். வடித்த ஆயிலில் மஞ்சள் மினுமினுப்பு நிறைய இருந்தால், கியர் உறுத்தாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையம் தேய்கிறது. கையில் நெருடும் துண்டு கிடைத்தால் பல்லே உடைந்திருக்கலாம். ஆயில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் மூச்சுக்குழாய் வழியே, மேலே சொன்ன வெள்ளத்து வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புது ஆயில் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான். ஜிஎல்-4 என்று கியர் ஆயில் தரம் போட்டிருந்தால் ஜிஎல்-5 உசத்தி என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள், எண் பெரியது என்பதற்காக உங்கள் வண்டிக்கு நல்லது ஆகிவிடாது, அதில் கூடுதலாக இருக்கும் கந்தக மருந்து பித்தளை சிங்க்ரோவை அரிக்கக்கூடும். ஆட்டோமேட்டிக், பல் கியருக்குப் பதில் பெல்ட் வைத்த சிவிடி வண்டி என்றால் வீட்டில் தொட வேண்டாம், ஆயில் வகையும் வேறு, அளவு பார்ப்பதே குறிப்பிட்ட சூட்டில்தான். ஏஎம்டி, அதாவது மேனுவல் கியரை இயந்திரமே மாற்றும் வகை என்றால் கியர்பாக்ஸ் மேலேயே மோட்டாரும் ஒயரும் இருக்கும், வெளியே துடைப்பதும் வெறும் காய்ந்த துணியால்தான்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் எல்லாம் ஊருக்குள் ஓடி வயலுக்குப் போகிற ஆற்றுத் தண்ணீர். ஆற்றங்கரையில் வண்டியை இறக்கிக் கழுவுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்தால் அவர்கள் மொத்தமாக எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுவார்கள். தரையில் சிந்தியதற்கு மரத்தூள் போட்டு அள்ளுங்கள்.

மச்சினன் கடைசியில் துடைக்கும் வழியைத்தான் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முடித்தான். ஆயில் மூடிக்குள் தேன் நிறம், ஃப்ளஷ் பேச்சு அதோடு முடிந்தது. துடைத்துக் காய்ந்த கியர்பாக்ஸ் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவச் சொன்னேன், வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைக்கச் சொன்னேன். பணகுடி வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினான். காலையில் பவுடரில் ஒரே ஒரு கோடு, இடது ஆக்ஸில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்திலிருந்து கீழே இறங்கியிருந்தது, அட்டையில் நான்கு சொட்டு. மோந்து பார்த்தானாம், கந்தக நெடி. கியர் ஆயில்தான். சீல் மாற்ற வியாழக்கிழமை வண்டியை விடுகிறான், ஆயிலையும் அன்றைக்கே வடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.